பூனைக்குப் பூச்சி மருந்து: நாள் பார்த்துக் கொடுப்பதா, மலம் பார்த்துக் கொடுப்பதா?

போர்வையை உதறினேன், ஒரு அரிசி விழுந்தது. கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. எடுத்துப் போடலாம் என்று குனிந்தால் அரிசி நகர்கிறது. ஒரு முனை நீள்கிறது, மறு முனை சுருங்குகிறது, போர்வை மடிப்பின் மேல் ஏறப் பார்க்கிறது. பக்கத்தில் கருப்பி, இதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்கிற மாதிரி பின்னங்காலைத் தூக்கி வைத்து நக்கிக்கொண்டிருந்தாள்.

அது நாடாப்புழுவின் ஒரு துண்டு. புழு குடலுக்குள்ளேயே இருக்கும். முட்டை நிரம்பிய வால் துண்டுகள் மட்டும் ஒவ்வொன்றாகக் கழன்று வெளியே வரும். ஈரமாக இருந்தால் சோற்றுப் பருக்கை, காய்ந்துவிட்டால் எள். வாலடி முடியிலும், பூனை வழக்கமாகப் படுக்கும் இடத்திலும் ஒட்டிக் கிடக்கும். அன்றைக்கே மருந்துக் கடையில் பூனை மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அரிசி நின்றது. மூன்றாவது வாரம் மறுபடி வந்தது. கடைக்காரர் போலி மருந்தைத் தலையில் கட்டிவிட்டார் என்று வீட்டில் திட்டித் தீர்த்தேன்.

மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது டாக்டர் மாத்திரை அட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கருப்பியின் வாலுக்கு மேலே முடியைப் பிரித்தார். தோலில் மிளகுத் தூள் மாதிரி கருப்பாகச் சில புள்ளிகள். அதை ஈரப் பஞ்சில் ஒற்றியெடுத்துக் காட்டினார். பஞ்சு செம்மண் நிறத்துக்கு மாறியது. தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது கருப்பியின் ரத்தமே ஜீரணமாகி வெளியே வந்தது.

“மாத்திரை அதோட வேலையைச் செஞ்சிடுச்சுங்க. தெள்ளு அதோட வேலையைச் செஞ்சிட்டிருக்கு” என்றார்.

பூச்சி மருந்து என்று ஒரே பெயரில் நாம் பேசுவதில் பல முடிவுகள் அடங்கியிருக்கின்றன என்பது அப்போதுதான் உறைத்தது. எப்போது கொடுப்பது, எதைக் கொடுப்பது, மாத்திரையா கழுத்தில் விடும் சொட்டா, புழு வந்த வழியை எப்படி அடைப்பது. எனக்குத் தெரிந்து இப்போது மூன்று வீட்டுப் பூனைகள் இருக்கின்றன. எங்கள் கருப்பி மயிலாடுதுறையில் வீடு, கொல்லை, பக்கத்து மாடி எல்லாவற்றையும் தன் பெயரில் பட்டா போட்டுக்கொண்டவள். தங்கையின் பட்டு சென்னையில் நாலாவது மாடியைவிட்டு இறங்கியதே இல்லை. அத்தை வீட்டு வாசலில் யாரோ அட்டைப் பெட்டியில் விட்டுப்போன ஒரு குட்டி மூன்றாவது. இந்த மூன்றுக்கும் ஒரே பதில் செல்லுபடியாகாது.

கண்ணில் படட்டும், பிறகு பார்க்கலாம்

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். புழு தெரிந்தால் மருந்து, தெரியாவிட்டால் இல்லை. செலவும் குறைவு, பூனையோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். நானும் பல வருஷம் இப்படித்தான் இருந்தேன். இந்த முறையின் குறை என்னவென்றால், கண்ணில் படும் புழு ஒன்று, ஆபத்தான புழு வேறொன்று.

நாடாப்புழுத் துண்டு தெரியும், பார்க்க அருவருப்பாகவும் இருக்கும். ஆனால் நன்றாகச் சாப்பிடும் வளர்ந்த பூனையை அது பெரிதாக எதுவும் செய்வதில்லை. உருளைப்புழு எப்போதாவது தெரியும். பூனை வாந்தி எடுக்கும்போது சேமியா மாதிரி, மூன்று நாலு அங்குல நீளத்தில் சுருண்டு விழும். இது குட்டிகளுக்குத்தான் கொடுமை. உடம்பு எலும்பும் தோலுமாக இருக்க, வயிறு மட்டும் பானையாக உப்பியிருக்கும். முடி சொரசொரப்பாகும், எவ்வளவு தின்றாலும் உடம்பு ஏறாது. கொக்கிப்புழு நம் கண்ணில் படவே படாது. ஒரு சென்டிமீட்டர் அளவில், நூலிழை போல, குடல் சுவரைக் கடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கும். வெளியே தெரிவது அதன் விளைவு மட்டும்தான். மலம் தார் போலக் கருக்கும், பூனை சோர்ந்து படுத்தே கிடக்கும். ஈறு வெளுப்பது முக்கியமான அறிகுறி. மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ரோஜா நிறம் இருந்தால் நல்லது. காகித வெள்ளையாக இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். சின்னக் குட்டியைக் கொக்கிப்புழு சில நாட்களில் கொன்றுவிடும்.

அப்புறம், வளர்ந்த பூனைகளில் பாதி நேரம் எந்த அறிகுறியும் இருக்காது. பின்புறத்தைத் தரையில் தேய்த்தால் பூச்சி என்று சொல்வார்கள். பூனை தேய்ப்பதற்கு ஆசனவாய்ச் சுரப்பி அடைப்பும் காரணமாக இருக்கலாம். பால் குடித்துக் கழிந்தால் பூச்சி என்பார்கள். அதில் பாதி, வளர்ந்த பூனைக்குப் பாலின் சர்க்கரை செரிக்காததால் வருகிற கழிச்சல். ஆனாலும் பாலைக் குற்றம் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. உருளைப்புழுவின் இளம்புழுக்கள் தாய்ப்பூனையின் பால் வழியாகக் குட்டிக்கு இறங்குகின்றன. பசும்பால் பாவம், அதற்கு இதில் பங்கில்லை.

மீன் தலை போடுவதால்தான் பூச்சி என்கிற பேச்சும் உண்டு. கருப்பிக்கு மீன்காரம்மா கொடுக்கும் கடல்மீன் செவுளைவிட அவள் தானே பிடிக்கும் எலியில்தான் எனக்குக் கவலை. உருளைப்புழுவின் இளம்புழு எலியின் தசையில் காத்திருக்கும். கரப்பானும் மண்புழுவும்கூட அதைச் சுமக்கும். எலியின் ஈரலில் கட்டியாக உட்கார்ந்திருக்கும் இன்னொரு வகை நாடாப்புழுவும் உண்டு, பூனை எலியைத் தின்றதும் அது குடலில் வளர ஆரம்பிக்கும். தவளை, பாம்புக்குட்டி என்று வேட்டையாடும் பூனைகளுக்கு வேறொரு நாடாப்புழுவும் வரும். வயல்வெளி வீடுகளில் எதையும் தடுக்க முடியாது. கருப்பியிடம் எலி பிடிக்காதே என்று சொன்னால் அவளை எதற்கு வைத்திருக்கிறோம் என்று அத்தையே கேட்பார்.

ஆகவே ‘பார்த்துவிட்டுக் கொடுக்கலாம்’ என்பதை நான் கைவிட்டுவிட்டேன். பட்டு மாதிரி பூனைக்கு மட்டும் அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

காலண்டரில் குறித்துக் கொடுப்பது

இரண்டாவது வழி, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறித்த நாளில் கொடுப்பது. ஐரோப்பிய ஒட்டுண்ணி நிபுணர்களின் குழுவான எஸ்காப் சொல்லும் கணக்கு தெளிவானது. குட்டிக்கு மூன்றாவது வாரத்தில் ஆரம்பித்து, பால் மறந்து இரண்டு வாரம் ஆகும் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை. வளர்ந்த பூனை வெளியே போகிறது என்றால் வருஷத்துக்குக் குறைந்தது நாலு முறை, வீட்டுக்குள்ளேயே இருந்தால் ஒன்றிரண்டு முறை. அமெரிக்காவில் கேப்சி என்னும் அமைப்பு வருஷம் முழுக்கத் தொடர்ந்து மருந்து, கூடவே முதல் வருஷம் நாலு முறையும் பிறகு வருஷம் இரு முறையும் மலப் பரிசோதனை என்கிறது.

குட்டிக்கு ஏன் மூன்றாவது வாரம்? நாய்க்குட்டிக்கு உருளைப்புழு கருவிலேயே தொப்புள்கொடி வழியாக வந்துவிடும். பூனைக்கு அப்படி இல்லை, பால் வழியாகத்தான். அதனால் பூனைக்குட்டிக்கு மூன்றாவது வாரம் போதும். இந்த நேரத்தில் தாய்க்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். குட்டிக்கு மட்டும் கொடுத்துவிட்டுத் தாயை விட்டுவிடுவதுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்பது மாய எண் இல்லை. பூச்சி மாத்திரை தடுப்பூசி மாதிரி காவல் காப்பதில்லை. கொடுத்த அன்று குடலில் இருப்பதை வெளியேற்றும், அவ்வளவுதான். மறுநாள் கருப்பி எலி தின்றால் மறுநாளே கணக்கு மறுபடி தொடங்கிவிடும். உருளைப்புழு முட்டையை விழுங்கியதிலிருந்து அது வளர்ந்து தன் முட்டையை வெளியே விட ஏறக்குறைய எட்டு வாரம் ஆகும். கொக்கிப்புழுவுக்கும் தெள்ளு வழி வரும் நாடாப்புழுவுக்கும் மூன்று வாரமே போதும். ஆகவே முட்டை மண்ணில் விழவே கூடாது என்றால் மாதாமாதம் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்பது புழுச் சுமையைக் குறைக்கும், முழுத் தடுப்பு ஆகாது.

முட்டை மண்ணில் விழுவதைப் பற்றி ஏன் இத்தனை கவலை என்றால், நம் தெருக்களில் பூனையின் கழிப்பறை எது என்று பாருங்கள். வீடு கட்டக் கொட்டிவைத்த மணல் குவியல். சாயங்காலம் அதே குவியலில்தான் பிள்ளைகள் கோட்டை கட்டுவார்கள். உருளைப்புழு முட்டை போட்ட அன்று தொற்றாது, இரண்டிலிருந்து நாலு வாரம் மண்ணில் கிடந்து முதிர வேண்டும். முதிர்ந்த பிறகு மாதக் கணக்கில், சில சமயம் வருஷக் கணக்கில் உயிரோடு இருக்கும். குழந்தை மண் பட்ட விரலை வாயில் வைத்தால் இளம்புழு ஈரலிலும் நுரையீரலிலும் சுற்றும். அரிதாகக் கண்ணுக்குள் போய்ப் பார்வையைக் கெடுக்கும். கொக்கிப்புழுவின் இளம்புழுவுக்கு வாய்கூடத் தேவையில்லை, வெறுங்கால் போதும். கடற்கரை மணலில் நடந்து வந்தவர்களின் பாதத்தில் வளைந்து வளைந்து ஊரும் சிவந்த கோடும் தாங்க முடியாத அரிப்பும் அதனால் வருவதுதான்.

ஆசியாவில் பூனையிடமிருந்து மனிதக் குடலுக்கே வந்து முழுதாக வளரக்கூடிய ஒரு கொக்கிப்புழுவும் இருக்கிறது. அதன் அறிவியல் பெயரிலேயே ‘சிலோன்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது, முதலில் விவரிக்கப்பட்டது இலங்கையில் ஒரு புனுகுப்பூனையிலிருந்து, 1911இல்.

காலண்டர் முறைக்கு எதிராக ஒரு வாதம் உண்டு, அது வலுவானது. தேவையில்லாமல் அடிக்கடி கொடுத்தால் புழுக்கள் மருந்துக்குப் பழகிவிடும். ஆடுகளில் இது உலகம் முழுக்க நடந்துவிட்டது, ஆடு வளர்ப்பவர்களைக் கேட்டால் எந்த மருந்து கேட்கிறது, எது கேட்பதில்லை என்று பட்டியலே போடுவார்கள். அமெரிக்காவில் நாய்க் கொக்கிப்புழுவிலும் இது வந்துவிட்டது. நாலாவது மாடிப் பட்டுவுக்கு மாதாமாதம் கொடுக்கச் சொல்லி யாராவது விற்றால், அவர் விற்பதற்காகத்தான் சொல்கிறார்.

மலம் பார்த்துக் கொடுப்பது

மூன்றாவது வழி பரிசோதனை. மாவட்டங்களில் கால்நடைப் பராமரிப்புத் துறையின் நோய் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. அங்கே பெரும்பாலும் மாட்டுச் சாணியும் ஆட்டுப் புழுக்கையும்தான் வரும், பூனையின் மலத்தைக் கொண்டுபோனால் முதலில் கொஞ்சம் சிரிப்பார்கள். சென்னையில் என்றால் 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. தனியார் ஆய்வகங்களும் செய்கின்றன.

ஒருமுறை செய்முறையை நின்று பார்த்தேன். நெல்லிக்காயில் பாதி அளவு மலத்தை உப்பு கரைய மறுக்கும் அளவுக்கு உப்பு போட்ட தண்ணீரில் கரைத்தார்கள். வடிகட்டிச் சின்னக் குழாயில் விளிம்பு தளும்ப ஊற்றி, மேலே ஒரு மெல்லிய கண்ணாடிச் சில்லை வைத்தார்கள். முட்டை உப்புத் தண்ணீரைவிட லேசானது, மிதந்து மேலே வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்.  கால் மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் எட்டிப் பார்க்கச் சொன்னார் லேப் அக்கா. உருளைப்புழு முட்டை உருண்டையாக, ஓடு ஆரஞ்சுத் தோல் போலக் குழி குழியாக இருந்தது. கொக்கிப்புழு முட்டைக்கு ஓடு இருப்பதே தெரியாத அளவு மெல்லிசு, உள்ளே சின்னத் திராட்சைக் குலை மாதிரி செல்கள். என்ன புழு என்று தெரிந்து மருந்து கொடுக்கும் நிம்மதியே தனி.

ஆனால் இதிலும் ஓட்டை இருக்கிறது. அரிசி கொட்டிய கருப்பியின் மலத்தை இப்படிச் சோதித்தபோது ‘எதுவும் இல்லை’ என்று வந்தது! நாடாப்புழு முட்டைகள் துண்டுக்குள் பொட்டலமாக இருப்பதால் மலத்தில் கலப்பதில்லை, மிதப்பு முறையில் பெரும்பாலும் தப்பிவிடும். இளம்புழு மட்டும் இருந்தாலும் முட்டை இருக்காது. அதனால் ‘இல்லை’ என்று வந்தால் ‘இன்றைக்குக் கிடைக்கவில்லை’ என்றுதான் அர்த்தம். மலம் புதிதாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. நம் வெயிலில் ஒரு நாள் கிடந்தால் கொக்கிப்புழு முட்டை பொரிந்துவிடும். அன்று காலை மலமாக, மூடியுள்ள டப்பாவில், உடனே போக முடியாவிட்டால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

பரிசோதனை ஜெயிக்கும் இடம் வேறு. மாத்திரைக்கு மேல் மாத்திரை கொடுத்தும் குட்டிக்குக் கழிச்சல் நிற்கவில்லை, நாற்றம் வேறு, சளியும் ரத்தமும் கலந்து வருகிறது. இதற்குக் காரணம் புழுவாகவே இல்லாமல் இருக்கலாம். ஜியார்டியா, காக்ஸிடியா போன்ற ஒற்றைச் செல் உயிரிகளைப் பூச்சி மாத்திரை தொடவே தொடாது. காக்ஸிடியாவுக்கு வேறு மருந்து, ஜியார்டியாவுக்கு வேறு. ஜியார்டியா பல சமயம் ஒரு நாள் மலத்தில் அகப்படாது, இரண்டு மூன்று நாள் மலம் கொடுக்க வேண்டியிருக்கும். கழிச்சல் இருக்கும்போது குருட்டாம்போக்கில் பூச்சி மருந்து ஊற்றுவதைவிட இந்தச் செலவு எவ்வளவோ மேல்.

எதைக் கொடுப்பது

பெட்டியின் மேலே இருக்கும் பூனைப் படத்தை விடுங்கள், பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் பெயரைப் படியுங்கள். பைரான்டெல் என்றால் உருளைப்புழு, கொக்கிப்புழு. பிராசிகுவான்டெல் என்றால் நாடாப்புழு. வளர்ந்த பூனைக்கு இரண்டும் சேர்ந்த மாத்திரைதான் நம்மூரில் எளிதில் கிடைப்பது, பொதுவாக நாலு கிலோவுக்கு ஒன்று. குட்டிகளுக்குப் பைரான்டெல் சிரப், அதில் நாடாப்புழுவுக்கு மருந்து கிடையாது. ஃபென்பென்டசோல் மூன்று நாளிலிருந்து ஐந்து நாள் வரை தொடர்ந்து கொடுப்பது. உருளை, கொக்கி, ஜியார்டியா மூன்றுக்கும் பயன்படும், தெள்ளு வழி வரும் நாடாப்புழுவுக்கு உதவாது. நான் முதலில் வாங்கியது இரண்டும் சேர்ந்த மாத்திரைதான், அதில் குறையே இல்லை. கடைக்காரரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மாத்திரை மலிவு, நம்பகமானது. கொடுப்பதுதான் பாடு. பிராசிகுவான்டெல் பயங்கரக் கசப்பு. பொடித்துத் தயிரில் கலந்து ஏமாற்றப் பார்த்தால் பூனை ஒரு நக்கு நக்கிவிட்டு, சோப்பு தின்றதுபோல வாயெல்லாம் நுரை தள்ளிக்கொண்டு வீடு முழுக்க ஓடும். விஷம் வைத்துவிட்டோமோ என்று நாம் பதறுவோம். வெறும் கசப்புதான், சற்று நேரத்தில் அடங்கும். பொடிக்காதீர்கள். பழைய துண்டில் கழுத்து மட்டும் தெரியச் சுற்றி, மடியில் வைத்து, மேல்தாடையின் இரு ஓரத்தையும் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் பிடித்துத் தலையை அண்ணாக்கினால் கீழ்த்தாடை தானே திறக்கும். வெண்ணெய் தடவிய மாத்திரையை நாக்கின் அடியில் இல்லை, நாக்கின் பின்கோடியில் போட வேண்டும். வாயை மூடிக் கழுத்தை நீவினால் மூக்கை நக்கும், அப்படி நக்கினால் விழுங்கிவிட்டது என்று அர்த்தம். பிறகு ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள், இல்லாவிட்டால் மாத்திரை தொண்டையில் ஒட்டி நிற்கும். மறுநாள் மலத்தில் உருளைப்புழு தெரியலாம். நாடாப்புழு உள்ளேயே ஜீரணமாகிவிடும், ஒன்றும் வரவில்லையே என்று இன்னொரு மாத்திரை கொடுக்க வேண்டாம்.

சொட்டு மருந்து இதற்கு நேர்மாறு. பின்கழுத்தில், அது நக்க முடியாத இடத்தில் முடியைப் பிரித்துத் தோலில் விட்டால் முடிந்தது. விலை மாத்திரையைப் போலப் பல மடங்கு. செலாமெக்டின் சொட்டும், இமிடாகுளோப்ரிட் சேர்ந்த மாக்ஸிடெக்டின் சொட்டும் உருளை, கொக்கி, தெள்ளு மூன்றையும் ஒரே கையில் முடிப்பதால் அந்த விலை சில வீடுகளுக்கு நியாயமே. ஆனால் இவை நாடாப்புழுவைத் தொடாது. பிப்ரோனில் மட்டும் உள்ள சொட்டு தெள்ளு, உண்ணி மாதிரி உடம்பின் மேல் இருப்பவற்றுக்கு, குடலுக்குள் அதற்கு வேலையில்லை. மாத்திரை என்றாலே நகத்தைக் காட்டும் பூனைக்கு நான் சொட்டுதான் சொல்வேன், நாடாப்புழு தெரிந்தால் மட்டும் தனியாக பிராசிகுவான்டெல்.

ஐவர்மெக்டின் ஊசி போடச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. நாடாப்புழுவுக்கு அது கேட்காது. மாட்டுக்கான மருந்தைச் சிறு குட்டிக்கு அளக்கும்போது கை கொஞ்சம் தவறினாலும் ஆபத்து. டாக்டர் முடிவு செய்து போட்டால் போடட்டும், நாமாகக் கேட்க வேண்டாம்.

இனி கொடுக்கக் கூடாதவை. 2015இலிருந்து தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை தருகிறார்கள். பிள்ளைகளுக்கு நல்லது. அதே மாத்திரை அலமாரியில் கிடந்தால், பாதியை உடைத்துப் பூனைக்குக் கொடுக்கலாமே என்று தோன்றும். பாதி என்பதே நாலு கிலோ பூனைக்கு ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம். அல்பெண்டசோலால் பூனையின் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு ரத்த அணுக்கள் சரிந்த சம்பவங்கள் கால்நடை மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. வேண்டாம்.

பூண்டு, வெங்காயம் வேண்டவே வேண்டாம். பூனையின் சிவப்பணு மிக மென்மை, இவை இரண்டும் அதை உடைத்துச் சோகையில் தள்ளும். வேப்பங்கொழுந்து, பப்பாளி விதை, பூசணி விதை பற்றிக் கேட்பார்கள். பூனைக் குடலில் இவை புழுவை நீக்கும் என்பதற்கு நம்பும்படியான சான்று எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

குப்பைமேனி ஒரு வேடிக்கையான கதை. சித்த மருத்துவத்தில் பூச்சிக்குச் சொல்லப்படும் மூலிகை. அதற்குப் பூனைவணங்கி என்றொரு பெயரும் உண்டு. காரணப் பெயர்தான், வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை அதன் மேல் புரண்டு சொக்கிப் போகும். எங்கள் கொல்லையில் கருப்பி செய்வதைப் பார்த்த அத்தை, “பாத்தியா, அதுக்கே தெரியுது எது மருந்துன்னு” என்றார். கருப்பிக்கு அது மருந்து இல்லை, கள். மனிதர்களிலேயே ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ளவர்கள் குப்பைமேனிக் கீரை சாப்பிட்டு ரத்தம் சிதைந்த நிகழ்வுகள் இலங்கையிலிருந்து பதிவாகியிருக்கின்றன. உருளட்டும், தின்னக் கொடுக்க வேண்டாம்.

தெள்ளை விட்டுவிட்டு

கருப்பியின் அரிசிக்கு வருவோம். நாடாப்புழுத் துண்டு தரையில் காய்ந்து உடைந்தால் முட்டைகள் சிதறும். பாய் மடிப்பிலும் சோபா இடுக்கிலும் வளரும் தெள்ளுப் புழு அதைத் தின்னும். அது தெள்ளாகி கருப்பி மேல் ஏறும். அரிப்பில் கருப்பி தெள்ளைக் கடித்து விழுங்குவாள். மூன்று வாரத்தில் போர்வையில் அரிசி. நான் மாத்திரை கொடுத்த ஒவ்வொரு முறையும் சுற்றின் ஒரே ஒரு இடத்தில் மட்டும் வெட்டினேன்.

தெள்ளை ஒழிக்க ஒரு சொட்டு போதாது. பூனை மேல் நாம் பார்க்கும் தெள்ளு கொஞ்சம், முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் வீட்டில்தான் அதிகம். கூட்டுக்குள் இருப்பது மாதக் கணக்கில் காத்திருந்து, காலடி அதிர்வு கேட்டதும் வெளியே வரும். அதனால் மூன்று மாதம் விடாமல் சொட்டு விட்டோம். வீட்டில் எத்தனை பூனை, நாய் உண்டோ அத்தனைக்கும். போர்வைகளைக் கொதிக்கும் தண்ணீரில் ஊறப்போட்டுத் துவைத்தோம். சோபா இடுக்கை வாரம் இரு முறை பெருக்கினோம். மூன்றாவது மாதம் ஈரப் பஞ்சில் சிவப்பு வரவில்லை, அரிசியும் வரவில்லை.

இதில் ஒரு எச்சரிக்கை, பெரிய எழுத்தில் படித்துக்கொள்ளுங்கள்: நாய்க்கான தெள்ளு மருந்தைப் பூனைக்கு விடாதீர்கள். பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய் தாங்கும். பூனைக்கு உடம்பு நடுங்கி, வலிப்பு வந்து, சாவு வரை போகும்.

தரை துடைப்பதிலும் ஒன்று உண்டு. பினாயில் ஊற்றிவிட்டால் முட்டை சாகும் என்று நம்புகிறோம். உருளைப்புழு முட்டையின் ஓட்டுக்கு அது ஒன்றும் செய்யாது. ஃபீனால் கலந்த பினாயில் பூனைக்கே நஞ்சு. லிட்டர் தட்டை, அதாவது பூனை மலம் கழிக்கும் மணல் தட்டைக் காலி செய்து கொதிநீர் ஊற்றி வெயிலில் கவிழ்ப்பதே நல்லது.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் லிட்டரைத் தினமும் வேறு யாராவது அள்ளட்டும். டாக்ஸோபிளாஸ்மா என்னும் உயிரி பூனை மலத்தில் வெளிவந்து தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், தினமும் அள்ளினால் அதற்கு அவகாசமே இல்லை. பூனையைத் துரத்த வேண்டியதில்லை. இதற்கும் பூச்சி மாத்திரைக்கும் சம்பந்தமும் இல்லை.

மூன்று வீட்டில் என்ன முடிவானது

தங்கையிடம் நான் சொன்னது: பட்டுவுக்கு வருஷத்துக்கு இரண்டு முறை மலப் பரிசோதனை, ஏதாவது வந்தால் மட்டும் மருந்து. தங்கை இதை ஏற்கவில்லை. அவளுக்கு மூன்று வயதுப் பையன், கரப்பான் எங்கும்தான் இருக்கிறது என்றாள். சரி, வருஷம் இரு முறை மாத்திரையும் ஒரு முறை பரிசோதனையும் என்று பேரம் முடிந்தது. அவள் சொன்னதிலும் தப்பில்லை. பட்டுவும் கரப்பான் பிடித்து விளையாடுகிறவன்தான்.

கருப்பிக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இரண்டும் சேர்ந்த மாத்திரை, எடை மூன்று கிலோ என்பதால் முக்கால். எடை பார்க்க அவளைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறி, பிறகு நான் மட்டும் ஏறிக் கழித்துக்கொள்வேன். மாதாமாதம் கொடுத்தால் இன்னும் பாதுகாப்பு என்று டாக்டர் சொன்னார். எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லை, கருப்பியின் நகமும் என் கையும் மாதாமாதம் சந்திக்க இரண்டு பேருக்கும் இஷ்டமில்லை. பேரப்பிள்ளை விடுமுறைக்கு வரும் ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் மாதம் ஒன்று. தெள்ளுச் சொட்டு மாதம் தவறாமல்.

அத்தை வீட்டுக் குட்டிக்குத் தாய் இல்லை, வயதும் சரியாகத் தெரியாது. பல் முளைப்பைப் பார்த்து ஐந்து வாரம் இருக்கும் என்றார் டாக்டர். அன்றே பைரான்டெல் சிரப் முதல் டோஸ், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று. அடுத்த நாள் காலை குட்டி ஒரு கொத்து சேமியாவைக் கழித்தது, அத்தை அன்றைக்குக் காலை உப்புமாவைத் தொடவில்லை. ஒரு வாரம் கழிச்சல் நிற்காததால் மலத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தோம், காக்ஸிடியா இருந்தது. அதற்குத் தனி மருந்து ஓடுகிறது. சமையலறைத் தராசில் எவர்சில்வர் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, குட்டியை அதில் உட்கார வைத்துத்தான் எடை பார்க்கிறார் அத்தை. தினசரி காலண்டர் தாளில் பால் கணக்குக்குக் கீழே எழுதிவைக்கிறார். நேற்று 640 கிராம். அடுத்த டோஸ் வெள்ளிக்கிழமை.